அந்த ரெண்டு வருஷத்துக்கு ஒரு வரி

மகன்,

போன சனிக்கிழமை நீ வந்திட்டுப் போகேக்க அப்பாவின்ர மருந்துப் பெட்டிக்குக் கீழ ஒரு தாளை விட்டிட்டுப் போயிட்டாய். வேணுமெண்டு விட்டனியோ, மறந்து விட்டனியோ, எனக்குத் தெரியாது. மருந்து எடுக்கப் போன இடத்தில கண்டன், எடுத்து வாசிச்சன். மற்றாக்களின்ர தாளை வாசிக்கிறது பிழையெண்டு நீ சொல்லுவாய். முப்பது வருஷமா ஊராற்ற தாளை வாசிச்சு ரைப் அடிச்சுத்தான் உன்னைப் படிப்பிச்சனான். அந்தப் பழக்கம் இனி என்னை விட்டுப் போகாது. அது உன்ர புது சீ.வி. வாற வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி எண்டு சொன்னியே, அந்த மென்பொருள் கம்பனிக்கு அனுப்பப்போறது. பாக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா நீ கம்பஸ் முடிச்ச வரிக்கும், கொழும்பில போனில பதில் சொல்லுற இந்த வேலை தொடங்கின வரிக்கும் நடுவில ரெண்டு வருஷத்தைக் காணேல்ல. பாரிசவாதம் வந்து பேச்சும் போன அப்பாவை நீ வீட்டில நிண்டு பாத்த ரெண்டு வருஷம். அதை வெட்டி எறிஞ்சுபோட்டாய். கண்ட நேரம் தொட்டு எனக்கு மனசு சரியில்லை, ஏனெண்டால் அதை ஒளிக்க வேணுமெண்டு உனக்குப் பழக்கினது நான்தான்.

நாள் முழுக்க மற்றாக்களுக்கு "கனம் ஐயா" எண்டு தொடங்கிக் கடிதம் அடிக்கிறவள் நான். உனக்கும் அப்பிடித் தொடங்கினால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அதால கதைக்கிற மாதிரியே எழுதுறன். போனில சொல்லலாமே எண்டு கேப்பாய். போனில நான் என்ன சொன்னாலும் நீ "சரி அம்மா, சரி அம்மா" எண்டுபோட்டு வைச்சிடுவாய். இந்த எட்டு மாசமா என்னோட உன்ர கதை அவ்வளவுதான். அதுக்கு உன்னில பிழை இல்லை. ஆறுதலா இருந்து கடைசிவரைக்கும் வாசி, மகன்.

எங்கட கடை துறைமுக வீதியில இருந்த காலத்தில எத்தனை பேருக்கு பயோடேட்டா அடிச்சுக் குடுத்தனான் எண்டு எனக்கே கணக்கில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மரக் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருப்பாய். பிழைச்ச தாளுகளை வாசல் பெட்டியில போட்டால் கோட்டைப் பக்கம் சுத்தித் திரியிற மான் வந்து தின்னும். "அம்மா, மான் எல்லாருக்கும் வேலை எடுத்துக் குடுக்குது" எண்டு ஒருநாள் சொன்னனி. வாற ஆக்களுக்கு எல்லாம் எனக்கு ஒரே அச்சுத்தான். முழுப்பேர், அப்பாவின்ர பேர், சமயம், இனம், அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு, கலியாணம் செய்ததோ இல்லையோ. பிறகு பள்ளிக்கூடம், பரீட்சையில எடுத்த பெறுபேறு ஒண்டும் விடாமல். பொழுதுபோக்கு எண்டு கிரிக்கெட்டும் பாட்டும். கடைசியில உறவினரல்லாத ரெண்டு பேர், ஒராள் அதிபர், மற்றாள் சமாதான நீதவான். எல்லாத்துக்கும் அடியில உறுதிமொழி: மேற்கூறிய விபரங்கள் யாவும் நான் அறிந்தமட்டில் உண்மையும் சரியுமானவை என இத்தால் உறுதியளிக்கிறேன். அந்த வரியை விரல் தன்ர பாட்டில அடிக்கும், நான் பாக்கிறதே இல்லை.

இன்னொண்டும் செய்வன். ஒராள் ஒண்டு ரெண்டு வருஷம் வீட்டில இருந்திட்டு வந்தால், "இதைச் சும்மா விடக்கூடாது, தெரிஞ்ச கடை ஒண்டில ஒரு அனுபவக் கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ" எண்டு நானே சொல்லுவன். எல்லாரும் செய்யிறதுதானே எண்டு நினைச்சன். பொய்யெண்டு நினைக்கேல்ல. ஆக்களுக்கு உதவி செய்யிறன் எண்டு பெருமையாவும் இருந்தனான், பாத்துக்கொள்ளன்.

உன்ர முறை வந்தது. நீ முதல்முதல் விண்ணப்பிச்ச கம்பனிக்கு எழுதின சீ.வி கடைக் கொம்பியூட்டரில கிடந்தது. அண்டைக்கு முடிவுத் திகதி. அப்பாவுக்குத் திடீரெண்டு காய்ச்சல் ஏறி நீ ஆஸ்பத்திரி வார்ட்டில நிண்டனி. அங்கயிருந்து போன் எடுத்து, "அம்மா, அதைத் திறக்காமல் அப்பிடியே அனுப்பிவிடுங்கோ" எண்டு சொன்னனி. நான் திறந்தன். ஒரு பக்கம்தான் இருந்தது. அப்பாவின்ர பேர் இல்லை, சமயம் இல்லை, உறுதிமொழி இல்லை. நடுவில, அந்த ரெண்டு வருஷத்துக்கு நேர, தகப்பனாரை வீட்டில் பராமரித்தேன் எண்டு நீ இங்கிலீசில ஒரு வரி எழுதியிருந்தாய். படிச்ச பெடியன் தகப்பனைக் குளிப்பாட்டிக்கொண்டு வீட்டில சும்மா இருந்தவன் எண்டெல்லோ நினைக்கப்போகினம் எண்டு பயந்திட்டன். அயலட்டையில அப்பிடித்தானே கதைச்சவை. அந்தக் கதையை நான் ரெண்டு வருஷமாக் கேட்டுக் கேட்டு, கடைசியில நானும் நம்பத் தொடங்கியிருக்கிறன்.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். உன்ர வரியை அழிச்சன். பூட்டிக் கிடந்த ஒரு கொம்பியூட்டர் கடையின்ர பேரைப் போட்டன். அதின்ர சொந்தக்காரர் நாட்டை விட்டே போயிட்டார், ஆர் போய்க் கேக்கப்போகினம் எண்டு துணிஞ்சன். அங்க நீ ரெண்டு வருஷம் மென்பொருள் உத்தியோகத்தரா இருந்ததா எழுதினன். பிறகு என்ர அச்சுப்படி எல்லாத்தையும் சேத்தன், அடையாள அட்டை இலக்கமும், கோட் போட்ட படமும், கிரிக்கெட்டும். மூண்டு பக்கமா நீண்டுது. அடியில உறுதிமொழியையும் அடிச்சுப்போட்டுக் கடை ஈமெயிலில இருந்து அனுப்பிவிட்டன். அந்தப் பொய்க்குக் கீழ உன்ர பேரில சத்தியம் பண்ணினது நான், மகன்.

உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டினம். என்னாலதான் கூப்பிட்டினம் எண்டு நான் உள்ளுக்குள்ள குளிர்ந்துபோய் இருந்தன். இன்டர்வியூ முடிஞ்சு நீ காலை பஸ்ஸில திரும்பி வந்தாய். சப்பாத்தைக் கழட்டினாய். அப்பாவைக் குளிக்க வார்த்தாய், அவருக்கு உடுப்பு மாத்தினாய், குசினியில நிண்டபடி சாப்பிட்டாய். பீங்கானைக் கழுவி வைச்சிட்டுத்தான் என்னைப் பாத்தாய்.

"அம்மா, இனி என்ர சீ.வியை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவ்வளவுதான் சொன்னனி. சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டு, அழுது, அது அண்டைக்கே முடிஞ்சிருக்கும். மூண்டு நாள் கழிச்சு நீ, அந்தக் கம்பனியில இருந்து கடை மெயிலுக்கு ஏதும் வந்ததோ எண்டு கேட்டாய். நான் இல்லையெண்டு சொன்னனான். அது ரெண்டாவது பொய். மெயில் வந்தது, மகன். நீ கேட்டதுக்கு முதல் நாளே வந்தது. நான் வாசிச்சுப்போட்டு அழிச்சுப்போட்டன். அதை இவ்வளவு நாளும் உன்னட்டைச் சொல்லேல்ல.

அதில என்ன இருந்தது எண்டு இப்ப சொல்லுறன். உன்ர வேலைத்திறன் தங்களுக்குப் பிடிச்சுது எண்டும், ஆனா சீ.வியில இருந்த கடையில நீ வேலை செய்யேல்ல எண்டு இன்டர்வியூவில நீயே ஒத்துக்கொண்டதாவும், பிழையான விபரம் குடுத்த ஒராளைத் தங்கட விதிப்படி எடுக்க ஏலாது எண்டும் இருந்தது. அதுக்குப் பிறகு ஒரு வசனம். அந்த விபரத்தை நீயே எழுதினதா ஒத்துக்கொண்டதை, உன்ர நேர்மையை, தாங்கள் மதிக்கிறதா எழுதியிருந்தினம். நீயே எழுதினதாம். அதை வாசிச்சுப்போட்டு நான் கொம்பியூட்டரை நிப்பாட்டிக் கடைக் கதவைச் சாத்தினன். ஒருத்தி வந்து போட்டோக்கொப்பிக்குத் தட்டினாள், நான் திறக்கேல்ல. என்னைக் காட்டிக்குடுக்காமல் அந்தப் பழியை நீ உன்ர தலையில போட்டுக்கொண்டாய். எனக்கு உன்னை நினைக்கப் பெருமையா இருந்தது, என்னை நினைக்க அருவருப்பா இருந்தது. ரெண்டையும் வைச்சுக்கொண்டு உனக்குச் சோறு போட்டனான்.

பிறகு நீ கொழும்பில இந்த வேலைக்குப் போனாய். அப்பாவைப் பாக்க வேணுமெண்டு நான் கடையைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு முன்னறையில போட்டன். அது நல்லதாப் போச்சு. அப்பா சாய்மனைக் கதிரையில இருந்து வாற போற ஆக்களைப் பாப்பார். பேச ஏலாட்டியும் நீ குடுத்த போன் அவற்ற மடியிலதான். அமத்தினால் அவருக்குப் பதிலாப் பேசுற மாதிரி நீ அதில போட்ட ஒவ்வொரு பொத்தானுக்கும் உன்ர குரலைத்தானே பதிஞ்சு வைச்சனி. நீ போன பிறகும் இந்த வீட்டில அப்பாவுக்கு நீதான் தண்ணி கேக்கிறாய், ஃபேனைப் போடச் சொல்லுறாய், முதுகு நோகுது எண்டுறாய். முதல் கிழமை நான் ரெண்டு மூண்டு தரம் குசினியில இருந்து "வாறன் மகன்" எண்டு சொல்லிக்கொண்டு ஓடி வந்தனான். அப்பா சிரிச்சார்.

இப்ப நான் இதை எழுதத் துணிஞ்சதுக்குக் காரணம் ஒரு பிள்ளை. கின்னியா ஊர்ப் பிள்ளை, பர்சானா எண்டு பேர். அவவின்ர வாப்பாவுக்கும் பாரிசவாதம் வந்து, எங்கட அப்பாவோட ஒரே கிளினிக்கில காட்டினவர். நீதான் அவற்ற போனிலயும் உன்ர அந்தப் பொத்தான் ஆப்பைப் போட்டுக் குடுத்தனி, தொழுகை நேரம் கேக்க ஒரு பொத்தானும் சேர்த்து. இந்தத் திங்கட்கிழமை கிளினிக் கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுக்க வந்தா. அப்பா பொத்தானை அமத்தி அவவுக்குக் கதிரை போடச் சொன்னார். அவ அப்பிடியே நிண்டு பாத்தா. தங்கட வாப்பா இப்பவும் அதாலதான் தங்களோட கதைக்கிறார் எண்டு சொன்னா. தான் ஒரு மென்பொருள் கம்பனிக்கு வீட்டில இருந்தே வேலை செய்யிறதாவும், வேலைக்கு விண்ணப்பிக்கிற ஆக்களின்ர சீ.விகளை முதல்ல தான்தான் பாக்கிறதாவும் சொல்லிப்போட்டுக் கேட்டா, "அன்ரி, இதைச் செய்த தம்பி இப்ப எங்க வேலை செய்யிறார்?"

நான் அவவை இருத்தி எல்லாத்தையும் சொன்னன். ஏன் ஒரு பிற பிள்ளையிட்டச் சொன்னன் எண்டு எனக்கே தெரியாது. உன்னட்டைச் சொல்ல ஏலாமல் இருந்ததெல்லாம் வந்திட்டுது. அவ ஒண்டும் குறை சொல்லேல்ல. உன்ர தாளைக் காட்டினன். அதுக்கும் உன்னட்டை மன்னிப்புக் கேக்கிறன். அவ மேலயிருந்து கீழ ஒருக்கா விரலை ஓட்டினா, அரை நிமிஷம்கூட இருக்காது. பிறகு அந்த இடைவெளியில விரலை வைச்சு, "மற்ற எல்லாம் எல்லாற்ற தாளிலயும் இருக்கு, அன்ரி. இதில இருக்க வேண்டியதுதான் இல்லை" எண்டா.

மகன், முப்பது வருஷமா நான் செய்த தொழிலை அந்தப் பிள்ளை அரை மணித்தியாலத்தில தலைகீழாக் கவிட்டுப்போட்டுது. எனக்கு முதல்ல கோவம்தான் வந்தது. பிறகு ஒரு தாளை எடுத்துக் குறிச்சன். நீ எழுதியிருக்கிற அந்த நீளமான பட்டியல், தெரிஞ்ச கொம்பியூட்டர் மொழியளின்ர பேரெல்லாம், அதுக்குப் பக்கத்தில போட்ட நட்சத்திரங்களும், அதைக் கம்பனிக்காரர் நம்புறேல்லையாம். உனக்கு நாலு நட்சத்திரம் குடுத்தது ஆர், நீதானே? தெரிஞ்சதைச் சொல்லாமல் அதால என்ன செய்தனி எண்டு எழுதட்டாம். ஆருக்குச் செய்தனி, அவைக்கு முதல்ல என்ன கஷ்டம், நீ செய்த பிறகு என்ன மாறினது. அதோட எது பிழைச்சது எண்டும் எழுதலாமாம். எனக்கு அது விசர்க் கதை மாதிரி இருந்தது. பிழைச்சதை ஆரும் பயோடேட்டாவில போடுவினமோ? ஓமாம். பிழைச்சதைக் கண்டுபிடிச்சுத் திருத்தத் தெரிஞ்ச ஆளைத்தானாம் தேடுறது.

அப்பத்தான் எனக்கு நினைவு வந்தது. முதல்முதல் நீ செய்த திரையில இருபத்திநாலு பொத்தான், எல்லாம் சின்னனா, வடிவா, கலர் கலரா. அப்பாவின்ர கை நடுங்கும். தண்ணி கேக்கப் போனால் போன் "லைட்டை நிப்பாட்டு" எண்டு சொல்லும். நாலு நாள் பொறுத்தார். அஞ்சாம் நாள் போனைத் தூக்கிச் சுவரில எறிஞ்சார். நான் அவரைப் பேசினன். நீ உடைஞ்ச போனைப் பொறுக்கிக்கொண்டு, "இல்லை அம்மா, பிழை அவரில இல்லை, என்னில" எண்டு சொன்னனி. பிறகு ஒரு கிழமை அவருக்குப் பக்கத்தில இருந்து அவர் விரல் எங்க போய் விழுகுது எண்டு ஒரு கொப்பியில புள்ளி புள்ளியாக் குறிச்சாய். இருபத்திநாலை ஆறாக்கினாய். விரல் ஒரு கணம் நிண்டால்தான் பேசுற மாதிரி மாத்தினாய். வார்ட்டில சிக்னல் இல்லையெண்டு இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்ய வைச்சாய். நேர்ஸ் கேட்டா எண்டு சிங்களத்திலயும் பதிஞ்சாய். கிளினிக்கில மற்ற ஆக்களும் கேட்டு வாங்கினவை. இவ்வளவும் நடக்கேக்க நான் பக்கத்தில இருந்து, இவன் போனை நோண்டிக்கொண்டு காலத்தைப் போக்குறான் எண்டு நினைச்சவள். அதை வேலை எண்டு ஒருநாளும் நினைக்கேல்ல.

அந்தப் புள்ளிக் கொப்பி அலுமாரியில பத்திரமா இருக்கு. பர்சானா அதைப் பாத்திட்டு, இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடச் சொன்னா, இன்டர்வியூவில ஆரும் கேட்டால் காட்டலாமாம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறன், போனைப் பார்.

பொழுதுபோக்கை எடுத்துவிடு. படத்தை எடுத்துவிடு. உன்ர உயரம், எங்கட சமயம், நான் பழக்கின சாமான் ஒண்டும் அதில வேண்டாம். ஒரு பக்கம் காணும். அந்தந்தக் கம்பனி என்ன வேலைக்கு ஆள் கேக்குதெண்டு வடிவா வாசிச்சு, அதுக்குப் பொருந்துறதை மேல கொண்டுவா. எல்லா இடத்துக்கும் ஒரே தாளை அனுப்பாதை. அது என்ர மரக் கதிரைக் கடைப் பழக்கம். அனுப்ப முந்தி ஒராளைக் கொண்டு எழுத்துப் பிழை பாக்கச் செய், ஆனா அவர் கை வைக்கக்கூடாது எண்டு சொல்லிவை. இதைச் சொல்ல எனக்கு ஒரு முகம் வேணும், தெரியும்.

உறவினரல்லாதவர் எண்டு ஒரு பேர் கேட்டால், அதிபரையும் சமாதான நீதவானையும் தேடித் திரியாதை. அவைக்கு நீ ஆர் எண்டு தெரியாது. பர்சானா தன்ர பேரைப் போடச் சொல்லியிருக்கிறா. நான் கேக்கேல்ல, தானாச் சொன்னவ. நீ தன்ர வாப்பாவுக்கு என்ன செய்தனி எண்டு ஆர் கேட்டாலும் சொல்லுவாவாம். உண்மையில அந்த ரெண்டு வருஷமும் உன்ர வேலையைக் கூட இருந்து பாத்தது ஒரே ஒரு ஆள்தான். அவர் உன்ர தகப்பனாப் போயிட்டார், அவற்ற பேரைப் போட ஏலாது.

இனி மிச்சம் இருக்கிற ஒண்டு. நீ ஏன் அந்த வரியைத் திரும்ப எழுதேல்ல எண்டு நான் யோசிச்சன். என்னில கோவமோ எண்டு நினைச்சன். பிறகுதான் விளங்கிச்சு. அப்பாவை ஊருக்குக் காட்டிக்குடுக்கிற மாதிரி இருக்கும் எண்டு நீ நினைக்கிறாய், என்ன? துறைமுகத்தில லோஞ்ச் படகு ஓட்டின மனுசன். எந்தக் காத்துக்கும் சுக்கானை விடாதவர். நீ குளிக்க வார்க்கேக்க கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பார். அவர் வெக்கப்படக்கூடாதெண்டு நீ முழு நேரமும் கிரிக்கெட் கதைப்பாய், உனக்குக் கிரிக்கெட் பிடிக்காட்டியும். முதல் தரம் அந்த வரியை எழுதேக்க நீ அவரைக் கேக்கேல்ல. நான் அழிக்கேக்கயும் அவரைக் கேக்கேல்ல. ரெண்டு பேரும் அவரை விட்டிட்டு அவரைப் பற்றி முடிவெடுத்தனாங்கள்.

அதால இண்டைக்குக் காலமை, தேத்தண்ணி குடிச்ச பிறகு, நான் அப்பாவுக்கு முன்னால ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தன். நடந்தது எல்லாத்தையும் சொன்னன், நான் அழிச்சது, அனுப்பினது, மெயிலை ஒளிச்சது, நீ என்ர பழியைச் சுமந்தது. அவர் என்னைப் பாத்த பார்வையை நான் இதில எழுதமாட்டன். எனக்கு அது வேணும்தான். பிறகு உன்ர தாளை அவற்ற மடியில வைச்சு, அந்த வெறும் இடத்தைக் காட்டி, "உங்களைப் பாத்த ரெண்டு வருஷத்தையும் மகன் இதில எழுதட்டோ? குளிக்க வார்த்தது, பொத்தான் செய்தது, எல்லாம்?" எண்டு கேட்டன்.

அவர் தாளைப் பாத்திட்டுப் போனைக் கிட்ட இழுத்தார். உனக்குத் தெரியும்தானே, எதைக் கேட்டாலும் அவற்ற விரல் முதல்ல சிவப்புப் பொத்தானுக்குத்தான் போகும், இல்லை எண்டு சொல்லத்தான் அந்த மனுசனுக்கு விருப்பம். இண்டைக்கும் விரல் அங்கதான் போச்சுது. விரல் நடுங்கி, விலகி, பச்சையில வந்து நிண்டுது. நீ வைச்ச அந்த ஒரு கணம் முழுக்க அசையாமல் நிண்டுது.

"ஓம்" எண்டு உன்ர குரல் சொல்லிச்சு.

வெள்ளிக்கிழமைக்கு முந்தி அந்த வரியை எழுதி அனுப்பு, மகன். நான் திறந்து பாக்கமாட்டன்.

அம்மா